4294967297: ஒரு பெரிய எண்ணைப் பேச வைப்பது எப்படி?

4294967297. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

இந்த எண்ணைக் கையில் கொடுத்து, "இதன் கணிதப் பண்புகள் என்ன?" என்று கேட்டால் எங்கிருந்து தொடங்குவது? சின்ன எண் என்றால் கவலையில்லை. 12 என்றதும் மூநான்கு பன்னிரண்டு, ஈராறு பன்னிரண்டு என்று வாய்ப்பாடு தானாக ஓடி வரும். 49 என்றால் ஏழேழு. பத்து இலக்க எண்ணுக்கு வாய்ப்பாடு கிடையாது. அது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். அதைப் பேச வைக்கச் சில வழிகள் உண்டு. அந்த வழிகளை இந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பார்க்கப் போகிறோம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். கூடவே, 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண்ணுக்குப் பகா எண் என்று பெயர், அப்படி இல்லாதது பகு எண் என்ற பள்ளிப் பாடமும் நினைவிருக்கட்டும்.

ஆயிரமாயிரம் எண்கள் இருக்க இதை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இதைப் பகா எண் என்று நம்பினார் ஒரு மேதை. இல்லை என்று கண்டுபிடித்தார் இன்னொரு மேதை. அந்தக் கண்டுபிடிப்பை ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களே திரும்பச் செய்துவிடலாம்.

உடையும் உடம்பும்

முதலில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்போம். கடைசி இலக்கம் 7, ஆகவே இது ஒற்றை எண். இலக்கங்களைக் கூட்டினால் 4+2+9+4+9+6+7+2+9+7 = 59. அதையும் கூட்டினால் 14, மறுபடி கூட்டினால் 5.

பெரிய எண்ணைப் பற்றிய விவரப் பட்டியல்களில் இந்த இலக்கக் கூட்டலைத்தான் முதலில் போட்டிருப்பார்கள். அது எண்ணைப் பற்றிய செய்தி என்பதைவிட, அந்த எண்ணை நாம் எழுதும் விதத்தைப் பற்றிய செய்தி என்பேன். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் 59 வந்தது. கணினி இரண்டிரண்டாக எண்ணும். இருமத்தில் இதே எண்ணை எழுதினால் முதலில் ஒரு 1, நடுவே 31 பூஜ்யங்கள், கடைசியில் ஒரு 1. அங்கே இலக்கக் கூட்டல் வெறும் 2. எண் மாறவில்லை, உடைதான் மாறியிருக்கிறது. எந்த உடை போட்டாலும் மாறாத பண்புகள் சில உண்டு. எந்தெந்த எண்களால் அது வகுபடும், எத்தனை வகுத்திகள், எந்தப் பகா எண்களின் பெருக்கல் அது என்பவை அவை. எண்ணின் உடம்பு என்று அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் உடையை வைத்து உடம்பைப் பற்றிச் சிலவற்றை ஊகிக்க முடியும். இலக்கக் கூட்டல் 59, அதை 3-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே நம் எண்ணையும் 3-ஆல் வகுத்தால் மீதி 2. கடைசி இலக்கம் 7 என்பதால் 5-ஆல் வகுத்தாலும் மீதி 2. இந்த இரண்டு 2-களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

7, 11, 13 ஆகிய மூன்றுக்கும் ஒரே அடியில் சோதனை போட ஓர் அழகான வழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001. அதாவது ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு. அதனால் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும். நம் எண் 4, 294, 967, 297 என்று பிரியும். 297 − 967 + 294 − 4 = −380. இப்போது பத்து இலக்கத்தை மறந்துவிட்டு 380-ஐ மட்டும் பார்க்கலாம். 380 என்பது 7-ஆல் வகுபடாது, 11-ஆலும் வகுபடாது, 13-ஆலும் வகுபடாது. ஆகவே நம் எண்ணும் வகுபடாது. ஒரே வரியில் மூன்று சோதனை முடிந்தது.

சரி, இப்படியே 17, 19, 23 என்று போய்க்கொண்டே இருந்தால் எங்கே நிறுத்துவது? ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கல் என்றால், அவற்றில் சின்னது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியவை என்றால் பெருக்கல் எல்லை மீறிவிடும். நம் எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐ மயிரிழை தாண்டியிருக்கிறது. ஆகவே 65536 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை மொத்தம் 6542. நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும், தூங்காமல் சாப்பிடாமல் 109 மணி நேரம். கணினிக்கு இது கண் சிமிட்டும் வேலை. கையால் கணக்குப் போட்ட காலத்தில் இதைச் செய்ய யாருக்கு மனம் வரும்?

ஃபெர்மாவின் நம்பிக்கை

நம் எண்ணுக்கு இன்னொரு முகவரி உண்டு. இரண்டை 32 தடவை பெருக்கி ஒன்று கூட்டினால் அதுதான் இது: 2³² + 1. இருமத்தில் இரண்டு ஓரங்களில் மட்டும் 1 வந்தது இதனால்தான்.

17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பியேர் டி ஃபெர்மா தொழிலால் வழக்கறிஞர், மனத்தால் கணிதர். 2-இன் அடுக்கோடு 1 கூட்டிய எண்களை அவர் ஆராய்ந்தார். அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் கிடைப்பவை 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். அடுத்தது அடுக்கு 32, அதாவது நம் எண். இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்ற நம்பிக்கையை ஃபெர்மா 1640-இல் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். இன்று இந்த எண்களை அவர் பெயராலேயே ஃபெர்மா எண்கள் என்கிறோம்.

1729-இல் கோல்ட்பாக் என்ற கணிதர், அப்போது இளைஞராக இருந்த கணிதர் லியோனார்ட் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டு, ஃபெர்மா சொன்னது சரிதானா என்று கேட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1732-இல் ஆய்லரிடமிருந்து பதில் வந்தது: 4294967297-ஐ 641 மீதியில்லாமல் வகுக்கும்.

641 என்பது சின்ன எண். பகா எண்களை வரிசையாகச் சோதித்துக்கொண்டு போனால்கூட 116-ஆவது இடத்தில் வந்து நிற்கும். ஆய்லர் அத்தனை தூரமும் நடக்கத் தேவையில்லாத ஒரு குறுக்கு வழியைப் பிற்பாடு விளக்கி எழுதினார். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை ஊன்றிப் படிக்க வேண்டுமென்றால் அது இதுதான்.

மீதிகள் சுற்றி வரும் வழி

முதலில் ஒரு சின்ன உண்மை. மீதியை மட்டும் வைத்துக்கொண்டே பெருக்கலாம். 10-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. 12-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5. 10 × 12 = 120, இதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. மீதிகளைப் பெருக்கினாலும் 3 × 5 = 15, மீதி அதே 1. ஆகவே பெரிய எண்களைக் கட்டி இழுக்க வேண்டியதில்லை, அவற்றின் மீதிகளே போதும்.

இப்போது 2-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்து மீதிகளை எழுதுங்கள்: 2, 4, 1, 2, 4, 1... மூன்றடிக்கு ஒருமுறை 1-க்குத் திரும்புகிறது. 5-ஆல் வகுத்தால் 2, 4, 3, 1, அப்புறம் மறுபடி 2, 4, 3, 1. சுற்றின் நீளம் நான்கு. எந்த ஒற்றைப் பகா எண்ணை எடுத்தாலும் இப்படி ஒரு சுற்று உண்டு. அந்தச் சுற்றின் நீளம், பகா எண்ணில் ஒன்று குறைத்தால் வருவதை மீதியில்லாமல் வகுக்கும். 7-க்குச் சுற்று 3, அது 6-ஐ வகுக்கிறது. 5-க்குச் சுற்று 4, அது 4-ஐ வகுக்கிறது. இந்த விதியைச் சொன்னவரும் ஃபெர்மாதான், அதே 1640-இல்.

ஏதோ ஒரு பகா எண் நம் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2³² என்பது அதன் ஒரு மடங்கைவிட ஒன்று குறைவாக, அதாவது −1 என்று நிற்கும். −1-ஐ அதோடே பெருக்கினால் 1. ஆகவே 2⁶⁴-இன் மீதி 1. சுற்று 64-ஆவது அடியில் 1-க்கு வந்துவிட்டது. 32-ஆவது அடியில் வரவில்லை, அங்கே −1 இருந்தது. 64-ஐ வகுத்து 32-ஐ வகுக்காத நீளம் ஒன்றே ஒன்றுதான், அது 64. ஆகச் சுற்றின் நீளம் 64. அது பகா எண்ணில் ஒன்று குறைந்ததை வகுக்க வேண்டும். ஆகவே அந்தப் பகா எண், 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும்.

6542 பேர் நின்ற வரிசை இந்த ஒரு வாக்கியத்தில் கலைந்து போகிறது. 64-இன் மடங்கோடு 1 கூட்டினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று வரும். இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. ஐந்தே சோதனை!

சோதனையும் கடினமில்லை. 2⁸ = 256. அதை வர்க்கமாக்கினால் 2¹⁶ = 65536. அதையும் வர்க்கமாக்கினால் 2³². ஒவ்வொரு அடியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

193-ஐ எடுங்கள். 256-இல் 193 போனால் 63. 63-இன் வர்க்கம் 3969, மீதி 109. 109-இன் வர்க்கம் 11881, மீதி 108. ஒன்று கூட்டினால் 109. வகுபடவில்லை. அடுத்து 257. இதற்கு 256 ஒன்று குறைவு, அதாவது −1. வர்க்கமாக்கினால் 1, மறுபடி வர்க்கமாக்கினால் 1, ஒன்று கூட்டினால் 2. இதுவும் இல்லை. 449-க்கு மீதி 325, 577-க்கு மீதி 288 என்று வரும், போட்டுப் பாருங்கள்.

இப்போது 641. 65536-இலிருந்து 641 × 102 = 65382-ஐக் கழித்தால் 154. அதன் வர்க்கம் 23716. இதை 641-ஆல் வகுக்க வேண்டும். 641 × 37 = 23717. ஒன்றே ஒன்று குறைகிறது. அந்த ஒன்றைத்தான் 2³² + 1 என்பதன் கடைசியில் உள்ள "+ 1" கொண்டு வந்து சேர்க்கிறது. மீதி பூஜ்யம். இதை முதன்முதலில் தாளில் போட்டு, 23716-க்கு அடியில் 23717 என்று எழுதிய நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பத்து இலக்க எண் ஒன்று, நான்கு வரிக் கணக்கில் கையில் பிளந்து விழுந்தது.

641 ஏன் வகுக்கிறது என்பதற்கு வகுத்தலே செய்யாத விளக்கமும் உண்டு. 641 இரண்டு விதமாகப் பிரியும். 641 = 5 × 2⁷ + 1. அதோடு 641 = 5⁴ + 2⁴, அதாவது 625 + 16. முதலாவதன்படி, 641-ஆல் வகுக்கும் உலகத்தில் 5 × 2⁷ என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாவதன்படி 5⁴ என்பது −2⁴. அதை உள்ளே போட்டால் −2³² என்பது 1, ஆகவே 2³² + 1 என்பது 0. முடிந்தது.

உள்ளே இருந்த இன்னொருவர்

641-ஆல் வகுத்தால் கிடைப்பது 6700417. ஆகவே 4294967297 = 641 × 6700417. இந்த 6700417 இன்னும் பிரியுமா?

அதன் வர்க்கமூலம் 2588-ஐக் கொஞ்சம் தாண்டும். பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா 1878-இல் ஆய்லரின் வழியை இன்னும் கூர்மையாக்கினார். 64-இன் மடங்கு என்பதை 128-இன் மடங்கு என்றே சொல்லலாம் என்று காட்டினார். 128-இன் மடங்கோடு 1 கூட்டி 2588-க்குள் வரும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்துதான். 6700417-ஐ இவற்றால் வகுத்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் பூஜ்யமாகவில்லை. ஆகவே 6700417 ஒரு பகா எண். ஏழு இலக்கப் பகா எண் ஒன்றை ஐந்தே வகுத்தலில் உறுதிசெய்துவிட்டோம்.

காரணிகள் கைக்கு வந்த பிறகு மற்ற பண்புகள் வரிசையாக வந்து நிற்கும். வகுத்திகள் நான்கு: 1, 641, 6700417, 4294967297. நான்கையும் கூட்டினால் 4301668356. எண்ணைத் தவிர்த்து மற்ற மூன்றை மட்டும் கூட்டினால் 6701059, எண்ணைவிட மிகச் சிறியது. இப்படிப்பட்டதைக் குறை எண் என்பார்கள். இதற்கு நேர்மாறாக, 6-இன் வகுத்திகள் 1 + 2 + 3 சேர்ந்து சரியாக 6 ஆகும், அது நிறை எண்.

1 முதல் 4294967297 வரை உள்ள எண்களில் எத்தனை எண்களுக்கு நம் எண்ணோடு பொதுக் காரணி கிடையாது? இதற்கு ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். இரண்டு காரணிகளிலும் ஒவ்வொன்றைக் குறைத்துப் பெருக்கினால் போதும்: 640 × 6700416 = 4288266240. நூற்றுக்கு 99.84 பங்கு. காரணி தெரியாதவரால் இந்தக் கணக்கைச் சுலபமாகப் போட முடியாது, தெரிந்தவருக்கு ஒரே பெருக்கல். இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டு நிற்பதே இந்த வித்தியாசத்தின் மேல்தான். அங்கே இரண்டு பகா எண்களும் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவை.

641-ஐப் பற்றி ஒரு துணைச் செய்தி. 1-ஐ 641-ஆல் வகுத்தால் புள்ளிக்குப் பிறகு 32 இலக்கங்கள் கொண்ட ஒரு தொகுப்பு திரும்பத் திரும்ப வரும். முதல் பாதி 0015600624024960, இரண்டாம் பாதி 9984399375975039. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், பதினாறு ஒன்பதுகள்!

இரண்டு வர்க்கங்களின் கூட்டல்

இந்த எண்ணின் பண்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. 2³² + 1 என்பதை 65536² + 1² என்று எழுதலாம். அதாவது இது இரண்டு வர்க்கங்களின் கூட்டல். அதில் அதிசயமில்லை, பார்த்ததுமே தெரிகிறது. இன்னொரு விதமாகவும் எழுதலாம் என்பதுதான் அதிசயம்:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297.

போதாததற்கு 20449 தானே ஒரு வர்க்கம், 143 × 143.

4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் எதுவானாலும் அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். 13 = 9 + 4, வேறு வழியில்லை. 641 = 625 + 16, வேறு வழியில்லை. ஆகவே இரண்டு விதமாக எழுத முடிகிற எண் பகா எண்ணாக இருக்க முடியாது. இதையே ஆயுதமாக்கிக் காரணிகளைப் பிரிக்கும் முறையும் ஆய்லருடையதுதான். நம் எண்ணில் அதைச் செய்து பார்ப்போம்.

65536² + 1² = 62264² + 20449². பக்கம் மாற்றினால் 65536² − 62264² = 20449² − 1². வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் கூட்டலையும் கழித்தலையும் பெருக்குவதுதான். இடப்பக்கம் 3272 × 127800. வலப்பக்கம் 20448 × 20450. இந்த நான்கு எண்களையும் உற்றுப் பாருங்கள்.

3272 = 8 × 409
127800 = 50 × 2556
20448 = 8 × 2556
20450 = 50 × 409

எண்கள் நான்கு, உள்ளே ஒளிந்திருப்பவை 8, 50, 409, 2556 மட்டும். 8-லும் 50-லும் பாதி எடுத்தால் 4, 25. 4² + 25² = 641. அடுத்து 409² + 2556² = 167281 + 6533136 = 6700417. இரண்டு காரணிகளும் வந்துவிட்டன! எந்தப் பகா எண்ணாலும் வகுத்துப் பார்க்கவில்லை. இரண்டு விதமாக எழுத முடிந்தது என்ற ஒரே செய்தி, எண்ணைத் திறக்கும் சாவியாகிவிட்டது.

இரண்டு பக்கத்து வீட்டார்

ஓர் எண்ணை அறிய அதன் அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் எண்ணுக்கு ஒன்று குறைந்தது 4294967296, அதாவது 2³². முழுக்க முழுக்க இரண்டுகளால் ஆனது. இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் எண்களான ஐபி முகவரிகளின் பழைய முறையில், நான்காம் பதிப்பில், உண்டாக்கக்கூடிய முகவரிகள் சரியாக இத்தனைதான். 32 பிட் இடத்தில், அதாவது 32 இரும இலக்கங்களுக்கான இடத்தில், ஒரு கணினி வைக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் அதற்கும் ஒன்று குறைந்த 4294967295. நம் எண்ணை அந்த இடத்தில் திணித்தால், வண்டியின் மீட்டர் முழுச் சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடுவதுபோல ஓடி, வெறும் 1 என்று நிற்கும்.

அந்த 4294967295-ஐ விட்டுவிட்டுப் போக மனமில்லை. அது 2³² − 1. வர்க்க வித்தியாசமாக அதைப் பிரித்தால் 65537 × 65535. அந்த 65535-ஐப் பிரித்தால் 257 × 255. 255-ஐப் பிரித்தால் 17 × 15. 15 என்பது 5 × 3. ஆக 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. ஃபெர்மா கண்ட ஐந்து பகா எண்களும் அங்கே கைகோத்து நிற்கின்றன. நம் எண் அதைவிட 2 அதிகம். ஆகவே இந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி 2 வந்தே தீரும். தொடக்கத்தில் 3-க்கும் 5-க்கும் வந்த 2, நடுவில் 257-க்கு வந்த 2, எல்லாம் இதனால்தான்.

ஜெர்மானியக் கணிதர் கார்ல் ஃபிரீட்ரிக் காஸ் 1796-இல், இருபது வயது ஆவதற்கு முன்பே, அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். இப்படி வரையக்கூடிய பலகோணங்களுக்கு ஃபெர்மாவின் பகா எண்களே அடிப்படை. ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டு வரைய முடியும் என்று இன்று தெரிந்த பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். நம் எண் மட்டும் ஃபெர்மா நம்பியபடி பகா எண்ணாக இருந்திருந்தால் அந்தப் பட்டியல் அங்கே நின்றிருக்காது.

சோதனையையே ஏமாற்றும் எண்

ஓர் ஒற்றை எண் பகா எண்ணா என்று வேகமாகப் பார்க்க ஒரு சோதனை உண்டு. 2-ஐ, அந்த எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் அது நிச்சயமாகப் பகு எண். நம் எண் என்ன செய்கிறது? 2³² என்பது நம் எண்ணைவிட ஒன்று குறைவு, அதாவது −1. ஆகவே 2⁶⁴-க்கு மீதி 1. நமக்கு வேண்டிய அடுக்கு 4294967296, அது 64-இன் மடங்கு. ஆகவே மீதி 1 வந்துவிடுகிறது. பகு எண்ணாக இருந்தும் சோதனையில் தேறிவிட்டது! இப்படிப்பட்டவற்றுக்குப் போலிப் பகா எண்கள் என்று பெயர். 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பெப்பான் என்ற கணிதர் 1877-இல் ஃபெர்மா எண்களுக்கென்றே 3-ஐ வைத்து ஒரு சோதனையை உருவாக்கினார். ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலே "இது பகு எண்" என்று அதனால் அடித்துச் சொல்ல முடியும்.

65537-க்குப் பிறகு ஃபெர்மா வரிசையில் இன்னொரு பகா எண்ணை இதுவரை யாரும் கண்டதில்லை. நம் எண்ணுக்கு அடுத்து வருவது 2⁶⁴ + 1, இருபது இலக்கம்: 18446744073709551617. மீதிச் சுற்று வழியை அதற்கும் போடலாம். அங்கே லூக்காவின் விதிப்படி காரணிகள் 256-இன் மடங்கோடு 1 கூட்டியவையாக இருக்க வேண்டும். அதன் சிறிய காரணி 274177. ஒன்றைக் குறைத்து 256-ஆல் வகுத்துப் பாருங்கள், 1071 வரும். 2¹⁶-இலிருந்து தொடங்கி இரண்டே வர்க்கங்களில் 2⁶⁴-க்குப் போய்விடலாம். மீதிகள் ஆறு இலக்கம் வரை போகும், தாள் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.